கம்பியடியில் வெறும் மண்

மேய்ச்சல்காரர்கள் அவளைப் 'பொட்டல் ராணி' என்றுதான் சொல்வார்கள். அதுவும் அவள் காதில் விழும்படியாகவே. புல்வெளி அளவைத் துறையில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. வெயில் கொளுத்தும் மாதத்தில் மேட்டுக்குப் போய், அங்கே அளக்கும் இடத்துக்கு அடையாளமாக நட்டிருக்கும் இடுப்புயர இரும்புக் கம்பி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் போடுவாள். சட்டத்துக்குள் எவ்வளவு புல், எவ்வளவு வெறும் மண் என்று எழுதுவாள். வருஷத்துக்கு வருஷம் மண் கூடினால் அந்தச் சரிவு பாலையாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே வேலி போட்டு மேய்ச்சலை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அவளைக் கரித்துக் கொட்டாமல் கொஞ்சுவார்களா?

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சைக்கிள் டயரைக் கிழித்தவனிடம், "எதைக் கிழிச்சாலும் புல்லு முளைக்காதுடா" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். இருக்கிற புல்லையெல்லாம் மேயவிட்டுவிட்டு மழையைத் திட்டும் கூட்டம் என்று அவர்கள் மேல் அவளுக்கு மகா இளக்காரம். அவள் தலையைக் கண்டாலே மந்தையை ஓட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அவளுக்கும் அது வசதியாக இருந்தது.

அவளை நம்பிய ஒரே ஆள் அவள் அண்ணன். ஆறு வருஷத்துக்கு முன் கிழக்குச் சரிவுக்கு வேலி வந்தபோது எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். பிறகு மந்தைகளை மேற்குச் சரிவுக்கு ஓட்டினார்கள். அவன் மட்டும், "என் தங்கச்சி பொய் எழுத மாட்டா. மேற்குச் சரிவும் சீக்கிரம் போயிடும்" என்று சொல்லி நூற்றிருபது ஆட்டையும் விற்றுவிட்டு, தீவனக் கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான்.

இந்த வருஷம் மேற்குச் சரிவின் முறை. அதற்கும் வேலி விழுந்தால் மந்தைகளுக்குப் போக்கிடம் இல்லை. அளக்கப் போன அன்று பஸ் முன்னாலேயே வந்துவிட்டதால் யாரும் எதிர்பாராத நேரத்தில் மேட்டில் போய் நின்றாள். ஒரு ஆடு அவளுடைய கம்பியில் விலாவை வைத்துச் சுகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. பின்னால் நாலைந்து காத்து நின்றன. மரமோ பாறையோ இல்லாத வெளியில் அரிப்பெடுத்த ஆடு வேறெங்கே போகும்?

விரட்டக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்பியைச் சுற்றி மட்டும் வட்டமாக மிதிபட்டுக் கிடந்தது மண். முப்பது அடி தள்ளிச் சட்டத்தைப் போட்டுப் பார்த்தாள். கம்பியடியில் முக்கால்வாசி மண் என்றால் இங்கே கால்வாசிகூட இல்லை. அந்தச் சரிவின் பதினெட்டுக் கம்பியிலும் இதே கதை. நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், நம்ம கம்பிதான் சார் புல்லைக் கொன்னிருக்கு."

அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பத்தொன்பது வருஷமாக் கண்ணு தெரியலையா உனக்கு? வாயை மூடிட்டுப் பழைய எடத்துலயே அளந்து கொண்டா."

"ரெண்டு அளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க வேணும்னா கிழிச்சுக்கங்க" என்று படிவத்தை அவர் மேஜையில் போட்டுவிட்டு வந்தாள். கிழிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மேற்குச் சரிவு தப்பியது. மேய்ச்சல்காரர்களில் ஒருத்தன்கூட நன்றி சொல்லவில்லை. "இத்தனை வருஷம் எங்க வயித்துல அடிச்சியேடி" என்று வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். கிடங்கு கேட்டில் அண்ணன் முன்னால் நின்றபோதுதான் வாய் குழறியது. அவன் முழுவதையும் கேட்டான்.

"கிழக்குச் சரிவுலயும் இதே கம்பிதானா?"

"ஆமாண்ணே."

"உன்னை நம்பாதவன் ஆடெல்லாம் இன்னும் மேயுது, இல்ல?"

அவன் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"வெளியாளுங்க கேட் கிட்ட நிக்கக் கூடாது. கெளம்புங்க" என்றான்.