முப்பது மீட்டர் செவ்வாய்

காலை 6.40. பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ். எண்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். முப்பது கிலோமீட்டர் தூரம். டிக்கெட் இரண்டே கால் ரூபாய். மடியில் நான் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டி.

"என்னங்க சார், பம்பு செட்டா?" என்றார் கண்டக்டர்.

"செவ்வாய் கிரகத்துல ஓட்டுறதுக்கு ஒத்திகை."

"அதுக்கு முன்னாடி கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க."

சிரிக்கும் நிலையில் நான் இல்லை. வண்டி முப்பது மீட்டர் ஓடினால்தான் சென்னைக் கண்காட்சிக்கு அனுப்புவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். எட்டு மாத உழைப்பு.

9.00. ரெட்டிபாளையம் போகும் வழியில் ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளம். செவ்வாய்க்குக் கட்டளை போய்ச் சேரவே பல நிமிஷம் ஆகும். பார்த்துப் பார்த்து ஓட்ட முடியாது. ஆகவே நானும் பள்ளத்தைப் பார்க்கக் கூடாது, யாரிடமும் வழி கேட்கக் கூடாது என்பது விதி. எங்கள் ஆய்வக உதவியாளர் காதர் பாய் முந்தின வாரம் மேலிருந்து எடுத்த போட்டோ ஒன்றே துணை. பள்ளத்தின் ஓரம் இருந்த கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து நீளக் கம்பி வழியே சுவிட்சைத் தட்டுவேன். பத்து நிமிஷம் கழித்து பாய் வந்து தூரம் சொல்வார். அதுவரை இருப்புக் கொள்ளாது.

12.10. பதினெட்டு மீட்டர். அங்கே கல் உடைக்கும் பெண், செல்லக்கண்ணு, கஞ்சி குடிக்க நிழலுக்கு வந்தார். போட்டோ மேல் நான் போட்டிருந்த பென்சில் கோட்டை எதிரே நின்று எட்டிப் பார்த்தார்.

"அந்தக் குழிக்கு ஏங்க வுடுறீங்க?"

"அது மேடும்மா."

"நேத்து நானே அதுல வுழுந்தேன். மேடுங்கிறீங்களே!" முழங்கால் கட்டைக் காட்டினார்.

போட்டோவைத் திருப்பிப் பிடித்தேன். மேடு சட்டென்று குழியாயிற்று. புறப்படும் இடம் என் பக்கம் இருக்கட்டும் என்று தலைகீழாக வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். வெளிச்சம் மேலிருந்தே வரும் என்று பழகிய கண் ஏமாந்துவிட்டது. நான் பௌதிக வாத்தியார் வேறு! வெட்கம் பிடுங்கித் தின்றது.

இடதுபுறம் சுற்றிப் போகக் கட்டளையை மாற்றினேன்.

2.05. "அல்ஹம்துலில்லாஹ்! முப்பது தாண்டிடுச்சு சார்!" பாய் நோட்டோடு ஓடி வந்தார். "ஜெயிச்சுதுன்னு எழுதிடட்டுங்களா?"

"தோத்துடுச்சுன்னு எழுதுங்க பாய். வழி கேட்டுல்ல ஓட்டியிருக்கேன்" என்றேன்.

"யாருக்கு சார் தெரியப் போவுது?"

"எழுதுங்க."

4.00. திரும்பும் பஸ். பாய் முகம் கொடுத்துப் பேசவில்லை. சென்னை வாய்ப்பு போய்விட்டது. பிழைக்கத் தெரியாதவன் என்று தலைமையாசிரியர் சொல்வார், சொல்லட்டும். அரியலூரில் ஒருத்தர் விழுந்து எழுந்து வந்து எனக்கு வழி சொன்னார். செவ்வாயில் நமக்கு முன்னால் விழுந்தவர் யாருமில்லை.