நான் வாங்கி வந்த ஆணி

எங்கள் பக்கத்தில் ஆணி ஏறாத சாலையோர மரம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன். மூலத்துக்கு மருந்து, டியூஷன், மனை விற்பனை, கண்ணீர் அஞ்சலி, தலைவருக்குப் பிறந்தநாள் எல்லாவற்றையும் வேம்பிலும் புளியிலும்தான் அடிக்கிறார்கள். தகடு காற்றில் போய்விடும். ஆணி போகாது. மரம் அதை மெல்ல விழுங்கி, மேலே பட்டை போர்த்தி, ஒன்றும் நடக்காத முகத்தோடு நிற்கும். பதினைந்து வருஷம் கழித்து என் செயின்சாவின் பல் அதில் போய் மோதும். பொறி பறக்கும். ரம்பம் என் முகத்தைப் பார்த்து எகிறும். ஒருமுறை எகிறியதன் தழும்பு இடது புருவத்தில் இருக்கிறது. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒரு டியூஷன் சென்டரைத் திட்டுகிறேன்.

செயின்சாவால் மரத்தில் உருவம் வெட்டுவது என் வேலை. கழிக்க வேண்டியதைக் கழிக்கப் பெரிய ரம்பம். கண்குழி, மூக்குமடிப்பு, முடியின் ஓட்டம் இதற்கெல்லாம் மூக்கு ஒடுங்கிய சின்ன ரம்பம். உளி கடைசியில்தான் கைக்கு வரும். கையில் எப்போதும் ஓர் உருட்டு அரம் இருக்கும். இரண்டு முறை பெட்ரோல் ஊற்றினால் ஒருமுறை உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக ராவ வேண்டும். இதெல்லாம் எளிது. மரம் கிடைப்பதுதான் கஷ்டம். கோடையில் கரிசல் மண் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வேரையும் சேர்த்துக் கிழிக்கும். அதையும் தாங்கி ஒரு மரம் ஆள் கட்டிப்பிடிக்கிற சுற்றளவுக்கு வந்தால், அது சாலையோரத்தில் நிற்கும். சாலையோர மரத்தை மில்லில் கேட்டுக்கு உள்ளேயே விட மாட்டார்கள். அவர்கள் வேண்டாமென்றது என்னிடம் வரும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, வைத்தியர் மாதிரி பட்டை மேல் ஓட்டிப் பார்ப்பேன். ஆழத்தில் இருப்பதைக் காந்தம் சொல்லாது. மரமே சொல்லும். இரும்பு இருக்கிற இடத்தைச் சுற்றி மை கொட்டினாற்போல் கருநீலமாக ஓடியிருக்கும். அந்த நீலம் கண்ணில் பட்டதும் கையை நிறுத்திவிட வேண்டும்.

எங்கள் ஊர் விலக்கில் நின்ற புளியமரத்தை மட்டும் நான் காந்தம் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. அதில் ஏறிய ஓர் ஆணியை வாங்கிக்கொண்டு வந்தவனே நான்தான்.

அக்காவுக்கு அப்போது இருபத்தொரு வயது. கல்யாணமாகி ஏழாம் மாதம் கைப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். புருஷன் வயிற்றில் மிதிக்கிறான் என்றாள். இரண்டு நாள் அதையே எல்லாரிடமும் சொன்னாள். மூன்றாம் நாள் சொல்வதை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினாள். சொன்னதற்கு எங்கள் வீட்டில் யாரிடமும் வைத்தியம் இல்லை. கத்தியதற்கு இருந்தது.

உடுக்கை அடிப்பார்கள். உள்ளே இருக்கிற பேய் தன் பெயரைச் சொல்லி, போகிறேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டதும் உச்சியில் ஒரு கொத்து முடியைப் பிடித்து ஆணியில் சுற்றி மரத்தில் அறைவார்கள். பிறகு அரிவாளால் முடியை அறுப்பார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும், ஆள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று கணக்கு. அதற்குக் கடை ஆணி ஆகாது. கொல்லப்பட்டறையில் அடித்த, நான்கு பட்டை வைத்த, சாண் நீள ஆணி வேண்டும். பதினேழு வயதுக்காரன் நான் சைக்கிளில் போய், தண்ணீரில் அது சீறி அடங்கும்வரை நின்று, செய்தித்தாளில் சுற்றி வாங்கி வந்தேன். வழியில் கண்மாய் இருந்தது. எறியத் தோன்றவில்லை.

போறேன், போறேன் என்று அக்கா சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை அவளை அவனிடமே கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வருஷம் கழித்துக் கை முறிந்து வந்தாள். பிறகு அங்கும் போகவில்லை, எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. விளாத்திகுளம் பக்கம் தனியாக ஆடு வளர்த்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை போடுகிறாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் ஆணி அடிக்கப்பட்டவள்தான். ஆட்டு விலைக்குக் குரலை உயர்த்திவிட்டால் போதும், மரத்தைப் பார்த்துவிட்டு வா என்பார்கள் சொந்தக்காரர்கள்.

சாலையை அகலப்படுத்த அந்த மரத்துக்குக் குறி போட்டார்கள். ஏலம் எடுத்தவரின் ஆட்கள் கொப்பையெல்லாம் இறக்கி மரத்தைச் சாய்த்துவிட்டு, அடிமரத்தில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று அவர் எனக்குப் போன் செய்தார். அக்காவுக்கு அதற்கு முன்பே தகவல் போயிருந்தது.

"ஏலே, அந்த ஆணிய எடுத்து எங்கையில குடு," என்றாள் போனில். "அவிய வேற மரத்துல அடிச்சிரக் கூடாது, பாத்துக்கிடு."

அதுதான் வழக்கம். ஆணி மரம் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஆணியைப் பிடுங்கி இன்னொரு மரத்தில் அறைய வேண்டும். இல்லாவிட்டால் பேய் பழைய வீட்டைத் தேடி வரும். நான் செயின்சாவோடு போய் இறங்கும்போது, அன்றைக்கு எல்லாவற்றையும் முன்னின்று நடத்திய பெரியப்பா, பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் துணி. காலடியில் சுத்தியல். கண்மாய்க்கரையில் ஒரு வேம்பைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார், பெண் பார்த்து வைத்த மாதிரி.

எனக்கும் அந்த மரத்தின்மேல் ஓர் ஆசை இருந்தது, அதை அவர் அறியமாட்டார். புளியின் வைரம் பாய்ந்த நடுமரம் காய்ந்த ரத்த நிறத்தில் இருக்கும். அதில் ஒரு பெண், விரிந்த முடி பட்டையைக் கிழித்துக்கொண்டு வர, மரத்துக்குள்ளிருந்து பாதி வெளியே வந்து நிற்பதாக எத்தனையோ வருஷமாக நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். அதை வெட்டிச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டால் இந்த ஊர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தலை குனியும் என்று நினைத்தேன்.

மரம் வளர்வது நுனியில்தான். அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே இருக்கும். அன்று அக்காவின் உச்சி என் தோளுக்கு வரும். அடியிலிருந்து என் தோள் அளவு எடுத்துச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். பெரிய ரம்பத்தால் இரண்டு விரல் கனத்துக்குச் சீவிச் சீவி இறங்கினேன். பச்சைப் புளியின் தூள் ஈரமாக முழங்கையில் அப்பியது. அக்காவின் இடத்துக்கு ஒரு முழம் தள்ளியே பல் மோதிப் பொறி பறந்தது. நிறுத்திப் பார்த்தால் நீலம். அதற்குக் கீழே இன்னொரு நீலம். பக்கத்தில் மூன்றாவது. மரம் முழுக்க அம்மை போட்டிருந்தது.

பெரியப்பா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். இது மேலத்தெருப் பிள்ளைக்கு, அது பிள்ளை தங்காமல் இருந்தாளே அவளுக்கு, இது படிக்கப் போறேன் என்று நின்றவளுக்கு. விரலை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, கல்யாண ஆல்பத்தில் ஆள் காட்டுகிற மாதிரி காட்டினார். ஒன்றுகூட ஆணுக்கு இல்லை. அணைத்த ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் அது கையில் இருந்திருக்கக் கூடாது.

சின்ன ரம்பத்தை எடுத்துச் சுற்றிலும் குடைந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஏழு வந்தது. ஆறு உருண்டை, பட்டறை மூடிய பிறகு அடித்த கடை ஆணிகள். நான்கு பட்டை உள்ளது ஒன்றுதான். முடி இல்லை. முடி சுற்றியிருந்த இடத்தில் துரு மட்டும் தடித்திருந்தது.

"குடுல," என்று பெரியப்பா மஞ்சள் துணியை விரித்தார். "வெளிய கெடந்தா அவளுக்குத்தான் கேடு."

"அன்னைக்கு அவ என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா பெரியப்பா? உடுக்கை அடிக்கதுக்கு முன்ன, ரெண்டு நாளா?"

"பேயி சொன்னத எவம்ல ஞாபகம் வைப்பான்."

ஏழையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரிய ரம்பத்தின் கயிற்றை இழுத்தேன். அது கத்துகிற வரைக்கும் அவர் என்ன பேசினாலும் கேட்காது. வெட்ட ஒன்றுமில்லாமல் வெறும் காற்றில் அதைக் கத்தவிட்டு நின்றேன். பெட்ரோல் வீண். இருக்கட்டும். கடைசியில் பெரியப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மரத்தை லோடு ஆட்டோவில் ஏற்றி அப்படியே அக்காவிடம் போனேன். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஆணிகளை வாங்கினாள். அந்த ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனூண்டா என்றாள். நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன் என்றேன். தெரியும் என்றாள். நீ சைக்கிளில் வந்து இறங்கியதைப் பார்த்தேன் என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேச்சை மாற்றுவதற்காகவோ, புண்ணியம் தேடியோ, நோட்டைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். எங்கே நிறுத்தப்போகிறேன் என்பதையும் சொன்னேன். குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்க," என்றாள். "ஆனா என்னைய மறுபடி அந்த மரத்துக்குள்ள வைக்காத தம்பி. போற வாறவனெல்லாம் பாக்கவா நான் வெளிய வந்தேன்?"

பெரியப்பாவின் மேல் வந்த கோபம் முழுதும் திரும்பி நின்று என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தது. இத்தனை வருஷம் நான் தீட்டியதும் ஓர் ஆணிதான். நல்ல வேலைப்பாடுள்ள ஆணி.

மறுநாள் காலை பழைய இரும்பு வாங்குகிற வண்டி ஸ்பீக்கரை அலறவிட்டு வந்தது. அக்கா ஏழு ஆணியையும் அவன் தராசில் கொட்டினாள். இதுக்கு என்ன தர என்று சிரித்தான். ஒண்ணும் வேண்டாம், மத்ததோட சேத்து உருக்கச் சொல்லு என்றாள்.

பிறகு அடிமரத்தைச் சுற்றி வந்து, நீலம் ஓடாத பக்கத்தைக் காலால் தட்டினாள். கடையில் கறி வெட்டுகிற கட்டை நடுவில் குழி விழுந்துவிட்டதாம். இதில் ஒன்று போட்டுக் கொடு என்றாள். ஊரில் எல்லாக் கறிக்கடையிலும் புளியங்கட்டைதானே. வட்டமாக அறுத்து, விளிம்பை மழுக்கி, நிமிர்த்தி வைத்தேன். உப்பை வாரித் தேய்த்தாள். வெட்டுக்கத்தியை எடுத்து, முறிந்து கூடிய அந்தக் கையால், நடுவில் ஒரு வெட்டு வெட்டினாள். ஆடுகள் தலையைத் தூக்கின. மறுபடி வெட்டினாள். நான் எண்ணுவதை நிறுத்திய பிறகும் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க நிமிர்ந்து, "உசரம் கூடுதலா இருக்கு, ரெண்டு வெரக்கட கொறச்சிரு," என்றாள்.

கயிற்றை இழுத்தேன்.