தாயத்தையும் சேர்த்து ஏழு கிலோ தொள்ளாயிரம்

வெற்றிச்செல்வி டீச்சருக்குக் கோபம் வந்தால் ஜெயங்கொண்டம் பஸ்ஸின் ஹாரன் தோற்றுப்போகும். சிரிப்பு வந்தாலும் அப்படித்தான். முந்திரிக்காட்டு ஓரத்து அங்கன்வாடியில் அவளுக்குப் பதினேழு வருட வேலை. சேர்ந்த புதிதில், காலனிக்காரி கை பட்ட முட்டை என்று ஊர்த்தெருவில் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். "உங்க வூட்டுக் கோழிக்கு சாதி தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று வாசல் வாசலாகப் போய் நின்றாள். ஒரு வருடத்தில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

இந்தச் சித்திரையில் மஞ்சுவின் மகன் தமிழழகனைத் தொங்கு தராசில் மாட்டியபோது முள் ஏழு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றது. ஒன்றரை வயதுப் பிள்ளை. மூன்று மாதமாக அதே எடை, வளர்ச்சி அட்டையின் சிவப்புக் கோட்டுக்கு நூலிழை மேலே. ஆனால் பையனோ குச்சியாகிக்கொண்டே வந்தான். தராசு கெட்டுவிட்டதோ என்று இரண்டு கிலோ பருப்புப் பையை மாட்டிப் பார்த்தாள். சரியாக இரண்டு.

அப்போதுதான் கவனித்தாள். கழுத்தில் மூன்று தாயத்து, இடுப்பில் நான்கு, கையில் இரும்புக் காப்பு.

"ஏண்டி மஞ்சு, முன்ன இத்தன இல்லியே?"

"தோஷம் டீச்சர். அரியமுத்து மாமா மாசாமாசம் மந்திரிச்சிக் கட்டுறாரு."

பிள்ளை இளைக்க இளைக்கத் தாயத்து ஏறியிருக்கிறது. அதனால்தான் முள் அசையவில்லை.

"கழட்டு."

"ஐயையோ, உசுருக்கே ஆபத்துன்னாரு!"

"அப்ப நீ போட்டுக்க. ஆத்தா கழுத்துல இருந்தா ஆவாதுன்னாரா?"

அப்படி அவர் சொல்லவில்லை. மஞ்சு எல்லாவற்றையும் தன் கழுத்துக்கு மாற்றினாள். முள் ஏழு அறுநூற்றைம்பதுக்கு இறங்கியது. சிவப்பு.

"காலைல என்ன தின்னான்?"

"டீயும் ரஸ்க்கும்."

"முட்டை?"

"சளி புடிக்குமாம்."

விடியுமுன் மஞ்சு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போய்விடுவாள். தம்பிக்கு ஊட்டுவது ஆறு வயது அக்கா. இவள் பொறுக்கிய பருப்பு யார் யார் வீட்டுப் பாயசத்திலோ மிதக்கிறது, இவள் பிள்ளைக்கு டீத்தண்ணி. இதற்குத் தோஷமென்று பெயர் வைத்தவனைத்தான் முதலில் மந்திரிக்க வேண்டும் என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையை அரியலூர் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரில தங்குனா கூலி போயிடும் டீச்சர். பெரியவள யாரு பாக்கறது?"

"அவ எங்க வூட்ல இருப்பா. கொட்டை அடுத்த வருசமும் காய்க்கும்டி. கெளம்பு."

அன்றே அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பியவனுக்குச் சத்துமாவு, பருப்புச் சோறு, முட்டை என்று பகலெல்லாம் அங்கன்வாடியிலேயே வாசம். இரண்டு வயது முடிந்தால்தான் சேர்க்கலாம் என்பது விதி. டீச்சர் அதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனியில் தமிழழகனுக்கு முள் எட்டு அறுநூற்றைத் தொட்டது. தன் மகள் வயிற்றுப் பேரனைத் தூக்கிக்கொண்டு எடை போட வந்திருந்த அரியமுத்து மீசையைத் தடவினார்.

"பாத்தியாம்மா, நம்ம தாயத்து வேலய?"

"அது ரெண்டு மாசமா மஞ்சு கழுத்துலல்ல கெடக்கு, மாமா? ஏ மஞ்சு, நீ எவ்வளவு ஏறியிருக்க?"

"நானா? இவனத் தூக்கித் தூக்கி எளச்சிட்டேன் டீச்சர்!"

டீச்சர் சிரித்த சிரிப்பில் தூங்கிய குழந்தைகள் எழுந்துவிட்டன. அரியமுத்து பேரனின் இடுப்பைத் தடவி, தாயத்தை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இவனுக்குச் சரியா போடும்மா."