பிணம் விழுந்த பள்ளம்

என் மாமனார் வேர்க்கடலை போட்ட நிலத்தைக் கல்குவாரிக்காரன் குத்தகைக்கு எடுத்தான். திருப்பித் தந்தபோது அது நிலமாக இல்லை, வெறும் பள்ளம். மழைத்தண்ணீர் நிரம்பியதும் ஊரே உச்சுக்கொட்டியது. என் வீட்டுக்காரர் கட்லா மீன்குஞ்சுகளை வாங்கி வந்து அதில் விட்டார். உச்சுக்கொட்டிய அதே ஜனம்தான் பிறகு ஞாயிறு காலையில் மீனுக்குப் பாத்திரத்தோடு கரையில் நின்றது. அந்த மீனை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை பொத்தேரியிலிருந்து கல்லூரிப் பையன்கள் குளிக்க வந்தார்கள். ஒருவன் மூழ்கிவிட்டான். சத்தம் கேட்டு ஓடிய இவர் கட்டிய லுங்கியோடு குதித்து அவனைத் தூக்கி வந்தார். உயிர் இல்லை. அரைமணி நேரம்கூட அந்தப் பிள்ளை தண்ணீருக்குள் கிடந்திருக்காது. ஆனால் மறுநாள் கரையில் ஒரு பாத்திரமும் இல்லை.

"பொணம் வுழுந்த தண்ணியாச்சேக்கா. அந்த மீனை எப்டி வாயில வெக்கிறது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முங்கி எடுத்த மனுஷனுக்கு யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் கேளம்பாக்கத்தில் மீன்கடை வைத்திருந்த பாய்க்கு அடிமாட்டு விலைக்கு மீனைப் போட ஆரம்பித்தோம். அதற்கு நடுவில், கட்டட இடிபாட்டைக் கொட்டிப் பள்ளத்தை மூடித் தருவதாக ஒரு லாரிக்காரன் நச்சரித்துக்கொண்டிருந்தான். இவர் பிடி கொடுக்கவில்லை.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரி கிண்ணத்தில் மீன்குழம்போடு வந்தாள்.

"கேளம்பாக்கத்துல பாய் கடையில எம்புள்ள வாங்கியாந்தான்க்கா. இன்னா ருசின்ற! மீனுன்னா இதான் மீனு."

நான் வாயைத் திறந்தேன். இவர் கண்ணாலேயே அடக்கினார். சொன்னால் அந்தக் கடையிலும் வியாபாரம் படுத்துவிடும். அவள் போனதும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"நம்ப மீனைத் துன்னுட்டு நம்மகிட்டயே பெருமை பேசிகினு போறா. போதும்மே. லாரிக்காரனை வரச் சொல்லு."

இருந்த மீனையெல்லாம் வாரிப் பாய் கடைக்கே போட்டுவிட்டோம். சென்னையில் இடித்த வீடுகளின் கல், உடைந்த கக்கூஸ் பீங்கான், நாற்றமெடுத்த மூட்டைகள் எல்லாம் பள்ளத்துக்குள் போயின. மேலே செம்மண் பரப்பினார்கள். இவர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

செம்மண் காய்வதற்குள் எதிர்வீட்டுக்காரி வந்தாள்.

"மனை போட்டா கெழக்கு பாத்ததா எங்களுக்கு ஒண்ணு எடுத்து வெய்க்கா. புள்ளைக்கு வூடு கட்டணும்."

"பிணம் விழுந்த இடமாச்சே?" என்றேன்.

"அதான் மூடியாச்சேக்கா" என்றாள்.