காலரா ஊர்களில் படம் காட்டினேன்

சினிமாக்காரனைக் கண்டால் ஊரே ஓடி வரும். காலரா சினிமாக்காரனைக் கண்டால் ஊரே கதவைச் சாத்தும். ஊர் ஊராக அலைந்து பிழைக்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்தத்துக்கு முன்பு, விழுப்புரத்திலிருந்து சுகாதார வண்டியில் போவேன். ஒரு நர்ஸ் கிராமத்தில் ஊசி போடுவதைக் காட்டும் ஊமைப்படம் என்னிடம் இருந்தது. படம் முடிந்ததும் எங்களோடு வரும் நர்ஸ் கிரேஸம்மா நிஜமாகவே ஊசி போடுவார்.

அமாவாசைக் கூட்டம்

மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டத்துக்குள் காலரா புகுந்துவிட்டது. அந்தி சாய்ந்ததும் படத்தைப் போட்டேன். திரையில் நர்ஸ் ஊசியை எடுத்தாள். அவ்வளவுதான், ஒருவன் திரையைப் பிடித்து இழுத்தான். முந்தின நாள் ஊசி போட்டுக்கொண்ட அவன் அண்ணன் செத்துப் போயிருந்தான். அவன் ஆட்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கிரேஸம்மா இறங்கி அவன் எதிரில் போய் நின்றார். "உங்க அண்ணனுக்கு ஊசி போட்டது நான்தான். பேதி கண்ட பிறகு தூக்கினு வந்தீங்க. உனக்கு இன்னும் காணலை" என்றார்.

அவன் முறைத்தபடியே கையை நீட்டிச் சொன்னான்: "குத்தும்மா. நான் செத்தா என் பொண்டாட்டி உன்னைத்தான் வந்து கேப்பா."

திரைக்கு அந்தப் பக்கம்

வல்லம் பக்கத்து ஊர் ஒன்றில் காலரா கண்டது சேரியில். வண்டி சேரிக்குப் போகக்கூடாது, சேரி ஜனங்கள் ஊருக்குள் வரக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தடியோடு நின்றார்கள். கடைசியில் இரண்டுக்கும் நடுவே வயலில் திரை கட்டினோம். ஊர் இந்தப் பக்கம், சேரி அந்தப் பக்கம்.

'குட்டைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், நல்ல கிணற்றுத் தண்ணீரைக் குடியுங்கள்' என்று படத்துக்கு நான் குரல் கொடுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நல்ல கெணறு ஊருக்குள்ள கீது, எங்களை வுட மாட்டாங்க. அவங்களுக்குக் காட்ட எதனா படம் வச்சிக்கினு கீறீங்களா?"

ஊர்க் கிணறு

மறுநாள் காலை ஊர் மணியக்காரர் தம் வீட்டாருக்கு ஊசி போடச் சொல்லி ஆள் அனுப்பினார். கிரேஸம்மா சேரிப் பெண்களைக் குடத்தோடு ஊர்க் கிணற்றருகே அழைத்துவந்து நிறுத்திவிட்டு, "முதல்ல இவங்களுக்குத் தண்ணி" என்றார். மறுபடி தடிகள் வந்தன. குடத்தை வைத்திருந்த பெண்கள் பின்வாங்கினார்கள், கிரேஸம்மா நகரவில்லை.

மணியக்காரரின் மருமகள், நிறைமாதக்காரி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தானே தண்ணீர் இறைத்து அந்தக் குடங்களில் ஊற்றினாள். மாமனார் அதட்டினார். அவள் கயிற்றை விடாமல் சொன்னாள்: "அங்க மொய்க்கிற ஈ நம்ம சோத்துக்குத்தான் வருது, மாமா. அதை மொதல்ல தடுத்து நிறுத்துங்க."

அந்தப் படத்தில் நர்ஸைக் கண்டதும் ஊரே வரிசையில் நின்று சிரித்தபடி கையை நீட்டும். அதை எந்த ஊரில் எடுத்தார்களோ, என் வண்டி மட்டும் அந்த ஊருக்குப் போனதே இல்லை.