பேர் பதிந்த வீடு

பதுளை கடைவீதிக்குப் பின்னால் இருந்த பழைய தேயிலைக் கிடங்கில் நாங்கள் வீடு வாங்கியபோது ஊரில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேருக்கு விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை. எழுபதுகளின் கடைசி அது. ஒரு கட்டடத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக உறுதிப் பத்திரம் எழுதி விற்கலாம் என்று கொழும்பில் சட்டம் வந்திருந்ததாம். பதுளைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் கிடங்கு முதலாளியின் மருமகன்.

கொழும்பிலேயே வளர்ந்த மனிதர். தெருவைக் கூட்டும் அளவுக்கு அகலமான கால்சட்டை போட்டிருப்பார். அந்தக் கிடங்கில் ஒரு காலத்தில் சுற்றுவட்டத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை எல்லாம் அடுக்கி வைத்து ரயிலுக்கு அனுப்புவார்கள். பிறகு அது வெறுமனே கிடந்தது. மருமகன் வந்து பலகையால் தடுத்துக் கீழே நாலு, மேலே நாலு என்று எட்டு வீடு ஆக்கினார்.

"டீச்சர், இத வீடுன்னு நினைக்காதீங்க. இது பிளாட்" என்றார் எங்களைச் சுற்றிக்காட்டும்போது. "வெள்ளைக்காரன் கட்டின செவரு. ரெண்டடி கனம். ஆணிகூட எறங்காது."

அந்த ஒன்றில் அவர் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் எங்களால் ஒரு காலண்டர் மாட்ட முடியவில்லை.

எங்களுக்கு வாய்த்தது மேல்மாடியில் தெருப்பக்கத் துண்டு. சமையலறை நடுவில் ஓர் இரும்புத் தூண். அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்புக்குப் போகவேண்டும். படுக்கையறையில் ஜன்னல் கிடையாது, கதவுதான். திறந்தால் பதினைந்து அடி கீழே தெரு. பெட்டிகளைக் கயிறு கட்டி மேலே இழுத்த வழி அது. அதன் குறுக்கே ஒரு கம்பியை வைத்துவிட்டு மருமகன் அதற்குப் பால்கனி என்று பெயர் சூட்டினார். வெளியே தொங்கிய கப்பியையும் கழற்றவில்லை. கேட்டதற்கு, பழைமையைக் காப்பாற்ற வேண்டும் என்றார். காசு கொடுத்து ஆள் வைத்துக் கழற்ற வேண்டியதை எல்லாம் அவர் பழைமை என்றே சொல்வார் என்பது போகப்போகத் தெரிந்தது.

நிலம் எங்களுக்குச் சொந்தமா என்று கேட்டேன். இல்லையாம், அது எட்டுப் பேருக்கும் பொது. கூரை? அதுவும் பொது. வெளிச்சுவர்? பொது. அப்படியானால் நாங்கள் வாங்குவது என்ன என்றேன். "உள்ளுக்குள்ள உள்ளதெல்லாம் ஒங்களோடது டீச்சர்" என்றார் பெருந்தன்மையாக. உள்ளே தேயிலைத் தூசியும் காற்றும்தான் இருந்தன.

என் கணவருக்கோ பிளாட் என்ற சொல்லே போதுமாக இருந்தது. அவர் வேலை பார்த்த இரும்புக்கடையில், ஆணி வாங்க வந்தவர்களிடம்கூட "நாங்க பிளாட்டுக்குப் போறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் உறுதியை அவர் பெயரில் எழுத முடியவில்லை. அவருடைய பிரஜாவுரிமைக் கடதாசி இன்னும் வந்திருக்கவில்லை. என்னுடையது வந்திருந்தது. அதனால்தான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலையும் கிடைத்திருந்தது. ஆகவே வீடு என் பெயரில். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

கேலி இருக்கட்டும். நாங்கள் அதை வாங்கியது என் அப்பாவுக்காக. பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அம்மா இல்லை. தம்பி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான். அப்பாவை எந்த நாட்டில் சேர்ப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தன. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. செக்ரோல் என்கிற கூலிப் பதிவுப் புத்தகத்தில் பெயர் பதிந்தவனுக்குத்தான் லயத்துக் குடியிருப்பில் இடம். பேர் வெட்டினால் வேலையும் போய்விடும், கூரையும் போய்விடும். வேலைக்குப் பேர் பதிந்த பிள்ளை ஒன்று இருந்தால் அதனோடு ஒண்டிக்கொள்ளலாம். அப்பாவுக்கு அப்படிப் பிள்ளை இல்லை. இங்கே மிஞ்சியிருந்த ஒரே பிள்ளையான நான் படித்து டீச்சராகி அவரை நட்டாற்றில் விட்டிருந்தேன். மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையிலோ இன்னொரு ஆளைச் சேர்க்க வீட்டுக்காரி விடவில்லை.

வாங்குவதற்கு முன் அப்பாவை பஸ்ஸில் வரவழைத்து இடத்தைக் காட்டினோம். உள்ளே வந்தவர் தூணைப் பார்க்கவில்லை, பால்கனியையும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். பலகைத் தடுப்பு கூரைக்கு இரண்டடி கீழேயே நின்றிருந்தது. பக்கத்துத் துண்டில் யாரோ இருமியது எங்கள் காதுக்குள் கேட்டது.

"செவரு கூரையில முட்டலையே" என்றார்.

"காத்தோட்டத்துக்கு விட்டது ஐயா" என்றார் மருமகன்.

அப்பா என்னைத் தனியாக இழுத்துப்போனார். "தாயி, இது காம்பரா."

லயத்தில் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் அறைகளுக்குத்தான் காம்பரா என்று பெயர். தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. முதல் காம்பராவில் புருசன் பெண்டாட்டி சண்டை போட்டால் கடைசிக் காம்பராவில் பஞ்சாயத்து நடக்கும். அப்படி ஒன்றில்தான் நான் பிறந்தேன். அதிலிருந்து வெளியேற வேண்டும் என்றே மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்தேன். படித்து, உத்தியோகம் பார்த்து, கடைசியில் மாடியில் ஒரு காம்பராவை விலைக்கு வாங்கப்போகிறேன். அப்பா சொன்னது முழுக்க உண்மை என்பதால் எனக்குக் கோபம் வந்தது.

"இது நமக்குச் சொந்தம்ப்பா. எம்பேர்ல பதியப் போறோம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பேர் பதியப் போறியா? அந்த மொதலாளிகிட்டயா? அப்ப டீச்சர் வேல?"

அவருக்குத் தெரிந்து பேர் பதிவது என்றால் வேலைக்குச் சேர்வதுதான். மகள் காம்பராவுக்காக யாரோ ஒருவரிடம் கூலிக்குப் பேர் கொடுக்கிறாள் என்று எண்ணிவிட்டார். விளக்கிச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்மாரிடம் இதை நடித்தே காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரையும் விட நான்தான் அதிகம் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

உறுதி முடிந்தது. அப்பா ஒரு தகரப்பெட்டியோடும் கம்பளியோடும் வந்து சேர்ந்தார். எட்டு வீட்டுக்கும் பொதுவான பெரிய தெருக்கதவு ஒன்று இருந்தது. அதன் சாவி மருமகனிடமே இருந்தது. காலையில் அவர் வந்து திறப்பார். பிறகு படியேறி, சுவரில் கீறல் விழுந்திருக்கிறதா, யாராவது பழைமையில் கைவைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போவார். வீட்டை விற்ற பிறகும் துரைத்தனம் போகவில்லை அவருக்கு.

அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டால் போதும், அப்பா காணாமல் போய்விடுவார். முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் சமையலறையில் தூணுக்குப் பின்னால், மடித்த கம்பளியைக் கையில் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எழுபது வயது மனிதர்.

எனக்குப் புரிந்துவிட்டது. லயத்தைப் பார்வையிடத் தோட்டத்துத் துரை வருகிறார் என்றால், பேர் பதியாத சொந்தக்காரர்கள் தேயிலைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். எங்கள் காம்பராவிலிருந்து சித்தப்பா ஓடியதை நானே பார்த்திருக்கிறேன்.

அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்து மேசையில் போட்டேன். "பாருங்கப்பா. இது எம்பேர்ல இருக்கு. ஒங்கள வெளிய போகச் சொல்ல இந்த ஒலகத்துல ஒருத்தனுக்கும் உரிம இல்ல."

"ஒம்பேர் இருக்கு தாயி. எம்பேர் இல்லையே."

"இருக்கு" என்றேன். நம் வழக்கப்படி, உறுதி எழுதிய நொத்தாரிசு என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயரை முழுதாக எழுதியிருந்தார். அப்பாவின் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின் மேல் வைத்து, ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் அந்த இடத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "அப்ப பதிஞ்சுதான் இருக்கு" என்றார். அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கணவரோ உறுதியை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா பேர்கூட இருக்கு, எம்பேர்தான் இல்ல" என்று முனகினார். நான் சிரித்தேன். ஒருவழியாக எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

மறுநாள் விடியும்போது தெருவில் ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. பால்கனி என்கிற அந்தக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தேன். கீழே அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டடத்து முன்வாசலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூட்டி முடித்துவிட்டு, சாக்கடை மண்ணைத் தகரத்தால் வழித்து ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார். அன்று இருட்டோடு வந்து தெருக்கதவைத் திறந்துவிட்டிருந்த மருமகன், சாவியோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டிருந்த உடுப்போடு இறங்கி ஓடினேன்.

"நல்ல மனுசன் டீச்சர்" என்றார் மருமகன். "சொல்லாமலே செய்றாரு. இவரயே வச்சுக்குவோமே?"

அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அப்பாவின் கையிலிருந்த தகரத்தைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. அத்தனை பலமாகப் பிடித்திருந்தார். "இது நம்ம வீடுப்பா. நீங்க யாருக்கும் வேல செய்ய வேணாம்" என்று கத்தினேன்.

அப்பா மருமகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அவருக்குக் கேட்காதபடி என் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாத தாயி. பேரு ரெண்டும் ஒண்ணாத்தானே பதிஞ்சிருக்கு. நான் வேலைக்கு எறங்கலைன்னா ஒம்பேரயும் சேத்து வெட்டிருவாங்க."