முதல் வகுப்புக் கவசம்

எங்கள் கைக்கு வந்தபோதே அந்தப் பத்திரிகைக்கு அட்டை இல்லை. முதல் பக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒன்பதாம் பக்கம். அதில் ஒரு குகை வாசல், வாசலில் வாளோடு ஒருவன், அவனுக்குப் பின்னால் முதுகு கொள்ளாத மூட்டைகளோடு ஒரு கோவேறு கழுதை. படத்துக்குக் கீழே ஒரு நீளமான கட்டுரை. பாதாளத்துக்குள் புதையல் தேடிப் போகிறவர்களின் கழுதை எவ்வளவு எடை சுமக்கும், படிக்கட்டில் இறங்குமா, இருட்டில் மிரண்டால் அதை எப்படித் தேற்றுவது என்றெல்லாம் அதில் இருந்தது. இல்லாத பாதாளத்தில் இறங்கப்போகும் இல்லாத கழுதைக்காக ஒருவர் இவ்வளவு அக்கறையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே என்று அப்போது எனக்கு வியப்பு எழவில்லை. பத்து வயதில் அது எனக்குச் செய்தித்தாள் மாதிரிதான் இருந்தது.

அதைக் கொண்டுவந்தவள் மாடிவீட்டு அக்கா. சொந்த அக்கா இல்லை. மயிலாப்பூரில் நாங்கள் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம், அவர்கள் மேலே. என்னைவிட நான்கு வயது பெரியவள். மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரட்டும் என்று அவளுடைய அப்பா லஸ் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் ஆங்கிலப் புத்தகங்களை எடைக்கு வாங்கி வருவார். அப்படி வந்த ஒரு புத்தகக் கட்டுக்குள், தையல் புத்தகங்களுக்கு நடுவே, இந்தப் பத்திரிகைகள் ஏழெட்டு இருந்தன. எந்த வெளிநாட்டுக்காரர் ஊரைக் காலி செய்தபோது போட்டுவிட்டுப் போனாரோ. ஒரு விளையாட்டைப் பற்றிய பத்திரிகை அது. பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ அந்தக் கதைக்குள் நுழைந்து, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இவ்வளவையும் அக்கா கட்டுரைகளிலிருந்தே ஊகித்தாள். விளையாட்டின் விதிகள் தனிப் புத்தகமாக விற்பதாக உள்ளே விளம்பரம் இருந்தது. அதை வாங்க அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே விதிகள் தெரியாமல், விதிகளைப் பற்றிய வாசகர் சண்டைகளை மட்டும் படித்துவிட்டு விளையாடினோம். 'ஆர்மர் கிளாஸ்' என்று ஒன்று பக்கத்துக்குப் பக்கம் வரும், கூடவே ஓர் எண்ணும். எண் குறையக் குறைய கவசம் உசத்தி என்பது மட்டும் புரிந்தது. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, ரயில் மாதிரிதான் என்று தீர்ப்புச் சொன்னாள். என் வீரன் மூன்றாம் வகுப்புக் கவசத்தோடு புறப்பட்டு, பல கோடை விடுமுறைகள் கழித்து முதல் வகுப்புக்கு ஏறினான். 'சேவிங் த்ரோ' என்பதைச் சேமிப்பு என்று எடுத்துக்கொண்டோம். நல்ல எண் விழுந்தால் உடனே செலவழிக்காமல், தபால் ஆபீசில் போட்டு வைப்பதுபோல ஆபத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். இருபது முகம் உள்ள பகடைக்கு மெட்ராஸில் எங்கே போவது? ஹவுஸி விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரையிலான வில்லைகளைப் பொறுக்கி, அவளுடைய அம்மாவின் சுருக்குப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்தோம்.

வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியில் ஆட்டம் தொடங்கும். நானும் அக்காவின் தம்பியும் ஒரு பக்கம், தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடி அக்கா எதிரே. எங்களோடு சண்டை போடும்போது வருகிற குரல் இல்லை அது. அதற்கென்று தாழ்ந்த ஒரு குரல் வைத்திருந்தாள். "சுவத்துல கை வெச்சா பிசுபிசுங்குது. எதிர்ல ஒரு மரக் கதவு. உள்ளேர்ந்து யாரோ இருமற சத்தம். என்னடா பண்ணப் போற?" என்பாள். அத்தோடு நிறுத்திவிடுவாள். அதன் பிறகு நாங்கள்தான் பேச வேண்டும். ஒருமுறை எனக்குப் பயம் வந்து பதிலே சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். தெருவிளக்கு எரிந்தது. கீழேயிருந்து என் அம்மா கூப்பிட்டாள். அக்கா அசையவில்லை. நீயே சொல்லிடேன் என்று கெஞ்சினேன். "நீ பாக்கறத மட்டும்தான் நான் சொல்லுவேன். பண்றது உன் வேலை" என்றாள். பத்திரிகையில் ஒரு கட்டுரை அப்படித்தான் சொல்லியிருந்ததாம். கதை சொல்கிறவர் ஆட்டக்காரருக்காக முடிவெடுக்கவே கூடாது, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும் என்று. மற்ற விதிகளையெல்லாம் இஷ்டத்துக்கு வளைத்த அக்கா, அதை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை.

பிறகு எல்லோருக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. வீட்டுக்காரர் இடித்துக் கட்டப்போகிறேன் என்று காலி செய்யச் சொன்னார். நாங்கள் கே.கே. நகருக்குப் போனோம். பத்திரிகைகள் எந்த வீடு மாற்றத்தில் போயின என்று அக்காவுக்கே தெரியவில்லை. அவளுடைய தம்பி வெளிநாட்டில் தங்கிவிட்டான். நான் தி.நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து இன்னும் அங்கேயே இருக்கிறேன். அக்கா கல்யாணமாகி அடையாறுக்குப் போனாள். கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதும் வேலை அவளுக்கு அமைந்தது. வேற்றுமொழிக்காரன் வாயில் தமிழைப் பொருத்துகிற வேலை. அவன் உதட்டை மூடும் இடத்தில் நம் சொல்லிலும் 'ம'வோ 'ப'வோ வர வேண்டும், வாயைத் திறந்து முடித்தால் நம் வாக்கியமும் திறந்தே முடிய வேண்டும் என்று ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படித்தான் பார்த்துக்கொள்வோம். கவசம் எந்த வகுப்புடா இப்போ என்று கேட்பாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது.

சென்ற ஆண்டு வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரு வரியைத் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு வாய் கோணியது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கையும் காலும் பலமிழந்தன. பேச்சு போய்விட்டது. முழுக்கப் போயிருந்தால்கூட வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ. இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சின, 'இல்ல' என்பதும் 'அது' என்பதும். வேண்டும் என்றாலும் இல்ல, வேண்டாம் என்றாலும் இல்ல. தலையாட்டலும் பொருந்துவதில்லை. ஆமாம் என்று ஆட்டிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். நாம் சொல்வது அவளுக்குப் பெரும்பாலும் புரிகிறது என்றார் மருத்துவர். எவ்வளவு என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்தவர் படங்கள் ஒட்டிய அட்டை ஒன்றைக் கொடுத்தார், வேண்டியதைத் தொட்டுக் காட்டலாம் என்று. தம்ளரும் தட்டும் தலையணையும் வரைந்த அந்த அட்டையை அக்கா இரண்டாவது நாளே வீசி எறிந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் பத்திரிகைகளைத் தேடினேன். யாரோ புண்ணியவான் அந்தப் பழைய இதழ்களை முழுசாகப் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரங்களில், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அலுவலகக் கணினியில் ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்களிடம் இல்லாமல் போன அட்டைகளைப் பார்த்தேன். பாதியில் நின்றுபோயிருந்த கட்டுரைகளின் மீதியும் கிடைத்தது. சேவிங் த்ரோ சேமிப்பே இல்லை. விஷம், சாபம், நெருப்பு என்று வரும்போது தப்பித்துக்கொள்ளக் கிடைக்கும் கடைசி ஒரு பகடை வீச்சு அது. அப்போதைக்கு அப்போது, ஒரே ஒரு தடவை. சேர்த்து வைக்கவெல்லாம் முடியாது. நடுவயதில் படிக்கும்போது அந்தக் கட்டுரைகள் வேறு மாதிரி தெரிந்தன. எழுதியவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஒரு மந்திரம் எத்தனை அடி தூரம் பாயும் என்று மாதக்கணக்கில் எழுதி எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள். எல்லா ஆபத்துக்கும் ஒரு விதி எழுதிவிட முடியும் என்று நம்பியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கழுதைக் கட்டுரையை வண்ணத்தில் அச்செடுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனேன். இதைப் பார்த்தால் அவளுக்குள் ஏதாவது திறந்துகொள்ளும் என்று நினைத்தேன், அதை மறைத்துப் பயனில்லை. அக்கா பார்த்ததும் தெரிந்துகொண்டாள். இடது கையால் தாளை வாங்கி, குகையைத் தொட்டாள், கழுதையைத் தொட்டாள். முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து, "அது... இல்ல... அது" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. வாய் வெறுமனே திறந்து மூடியது. திரும்பத் திரும்ப முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு ஒரு குழந்தையைப் போலச் சத்தம் போட்டு அழுதாள். அவளுடைய கணவர் வந்து தாள்களை மெதுவாக வாங்கி அப்பால் வைத்தார். மறுநாள் தொலைபேசியில், "நல்லதுக்குத்தான் கொண்டு வந்தீங்க தம்பி. ஆனா அப்புறம் அவ எதுவுமே சாப்பிடல" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். சில வாரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

அவரே மறுபடி கூப்பிட்டார். அந்தத் தாள்களை அக்கா கை நீட்டி எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறாளாம். படித்துக் காட்டினால் கேட்கிறாளாம். "எனக்கு அந்தப் பேரெல்லாம் வாயில நுழையல. நீங்க அந்த விளையாட்ட ஒரு தடவை விளையாடிக் காட்டுங்களேன். நீங்க கதை சொல்லுங்க, அவ விளையாடட்டும்" என்றார். வரவு செலவு பார்த்தே பழகிய எனக்குக் கதை சொல்ல வராது என்றேன். பரவாயில்லை, வாங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போனேன். அக்காவைச் சாய்ந்து உட்கார வைத்திருந்தார்கள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வரும் ஓர் அம்மாவும் இருந்தார். முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். அங்கிருந்த குடிசைகளை அகற்றிய பிறகு பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறார். கிளம்பும் நேரம் என்றாலும் கதை என்றதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அக்கா, நீ ஒரு ஆத்தங்கரைல நிக்கற. தண்ணி கறுப்பா இருக்கு" என்று ஆரம்பித்தேன். கூவமா சார் என்று கேட்டார் அந்த அம்மா. அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அக்காவின் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அந்தத் தெம்பில் படகு விட்டேன், அக்கரையில் இடிந்த ஒரு மாளிகை வைத்தேன், அக்காவுக்கு முதல் வகுப்புக் கவசம் போட்டேன். அந்த அம்மா தானும் ஒரு கட்டையோடு கூட வருவதாகச் சொன்னார். மாளிகைக்குள் ஒரு கதவு வந்தது. கதவுக்குப் பின்னால் ஏதோ நகரும் சத்தம். எனக்கே கதை ருசிக்க ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, கதவைத் திறக்கறியா?"

"இல்ல."

"சரி, திரும்பிப் போயிடறியா?"

"இல்ல."

இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தன. திறப்பதென்றால் என் கையைத் தொடச் சொன்னேன். தொட்டாள். போவதென்றால் தொடச் சொன்னேன். அதற்கும் தொட்டாள். அவளுக்கே அது தெரிந்தது. கண்கள் கலங்கின. காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாடியில் எனக்காக அவள் காத்திருந்த மாதிரி காத்திருந்தேன். வெளியே கீரைக்காரர் குரல் கொடுத்துக்கொண்டே போனார். விசிறி சுற்றியது. அக்கா மறுபடி இல்ல என்றாள். இந்த முறை அதில் ஏதோ வேறாக இருந்தது, என்ன என்று பிடிபடவில்லை.

"அக்கா எல்லாத்துக்கும் அதேதான் சார் சொல்லும்" என்றார் அந்த அம்மா. "அது மனசுல இன்னா கீதுன்னு நமக்கு எப்டி தெரியும்? நீங்களே தொறந்துடுங்க."

நான் திறந்தேன். கதவு மெல்லத் திறக்கிறது என்று சொன்னேன். அக்காவின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நிறுத்து என்கிறாளா, மேலே சொல் என்கிறாளா? முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருடப் பழக்கத்தில் ஒன்றுகூட உதவவில்லை. உள்ளே ஒரு விளக்கு எரிகிறது என்றேன், வயதான ஒரு பூனை படுத்திருக்கிறது என்றேன். பயப்படும்படி எதையும் வைக்கத் தைரியம் இல்லை. அக்கா கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மா மட்டும் பூனைக்குப் பால் இருந்ததா என்று கேட்டார். ஏதோ சொல்லி முடித்தேன்.

அடுத்த வாரம் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டு எழுந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவளுடைய கணவர் கூட வந்தார். நான் தப்புப் பண்ணிவிட்டேன், அவளிடம் கேட்காமல் திறந்துவிட்டேன் என்றேன். அவர் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"நீங்க ஒரு கதவுக்கே இவ்ளோ நேரம் உக்காந்துட்டீங்க தம்பி" என்றார். "எனக்கு காலைல எழுந்ததுலேர்ந்து அதான்."

மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பேன். உள்ளே அவர் பேசுவது கேட்டது. ராத்திரிக்கு உப்புமா பண்ணவா, தோசை வார்க்கவா என்று நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டுக் கேட்டார். அக்கா பதில் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி அதையே சொன்னாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பிறகு அடுப்பு பற்றவைக்கும் சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே ரவை வறுபடும் வாசனையும் வந்தது.